ஆளுங்கட்சி வரிசையில் ஒரு சிவப்பு

அமெரிக்க மாநிலம் ஒன்றின் சட்டமன்றச் சுவரில் இருக்கும் பெரிய பலகையில் ஆளுங்கட்சிக்காரர்கள் பெயருக்கு எதிரே எல்லாம் பச்சை விளக்கு எரிய, ஆர்லீன் வோகல் என்ற பெயருக்கு எதிரே மட்டும் சிவப்பு எரிகிறது. மாநில பட்ஜெட் மசோதா நிறைவேற இன்னும் ஒரே ஒரு ஓட்டு வேண்டும். கிணற்று நீரைச் சோதிக்கும் திட்டத்துக்கான பணத்தை அந்த மசோதா அடியோடு வெட்டியிருக்கிறது. மக்காச்சோள வயல்களில் கொட்டிய உரம் இறங்கிக் கெட்டுப்போன கிணறுகள் ஆர்லீனின் தொகுதியில்தான் அதிகம். சபாநாயகர் சுத்தியலைப் பிடித்தபடி காத்திருக்கிறார். உயரமான சன்னல்கள் வழியே ஜூன் மாத வெயில் மேசைகளின்மேல் நீண்டு கிடக்கிறது. கொறடா டுவைட் டையைத் தளர்த்திக்கொண்டே வந்து அவள் காதருகே குனிகிறார்.

"கை தவறிடுச்சா, ஆர்லீன்?"

"இல்ல, கண்ணாடியப் போட்டுப் பார்த்துத்தான் பொத்தான அழுத்தினேன்."

"அடுத்த தடவ சீட்டு கிடைக்காது. யோசிச்சுக்கோ."

"என் மருமக மாசமா இருக்கா, டுவைட். வீட்டுக் குழாயத் தொறக்கவே பயப்படுறா. நீ வந்து அதுல ஒரு தம்ளர் குடிச்சுக் காட்டு, பச்சைய அழுத்துறேன்."

டுவைட் நிமிர்ந்து, சபாநாயகரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். சுத்தியல் விழுகிறது. மசோதா தோற்றுவிட்டது. ஆர்லீன் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைக்கிறாள். இத்தனை வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து மிட்டாய் பகிர்ந்துகொண்ட ஹோவர்ட், அவளைப் பார்க்காமலே தன் நாற்காலியை அந்தப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொள்கிறார். கிடைத்த இடத்தில் ஆர்லீன் காலை நன்றாக நீட்டி உட்கார்கிறாள்.