பார்மேட் செய்யவா?

அன்று ஸ்டுடியோவில் இருந்தவர்கள் நால்வர்: மாசிலாமணி, அவர் மருமகள் எழிலரசி, தன் கல்யாண வீடியோ கேட்டு வந்த செண்பகவல்லி, அவள் மகள் மதிவதனி. மதிவதனி கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பன் இறந்துவிட்டான். அவன் குரல் மிஞ்சியிருந்தது அந்த வீடியோவில் மட்டும்தான். எடுத்துக் கொடுத்த கல்யாணம் ஒன்றைக்கூடத் தொலைத்த குடும்பமல்ல மாசிலாமணியின் குடும்பம். ஆனால் பழைய கல்யாண வீடியோக்களை எழிலரசி ஏற்றி வைத்திருந்த ஹார்ட் டிஸ்கைச் செருகியதும் கடைக் கம்ப்யூட்டர், ‘பார்மேட் செய்யவா?’ என்று கேட்டது. மரியாதையாகத்தானே கேட்கிறது என்று அவர் ‘சரி’யை அழுத்தப் போனார்.

எழிலரசி பாய்ந்து மவுஸைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ மாமா, எல்லாத்தையும் அழிச்சிடட்டுமான்னு கேக்குது!”

வெளியாள் முன்னால் மருமகள் கையைத் தடுத்தது அவருக்குச் சுருக்கென்றது. “உன் லினக்ஸ்ல ஏத்துறேன்னு டிஸ்கையே கெடுத்து வச்சிருக்க!”

“கெடலை மாமா. இந்தக் கம்ப்யூட்டருக்குப் புரியலைன்னா அழிக்கவான்னுதான் கேக்கும்.” லினக்ஸில் ஓடும் தன் லேப்டாப்பில் செருகினாள். வரிசையாகக் கல்யாணங்கள் திறந்தன.

திரையில் செண்பகவல்லி பக்கத்தில் மாலையோடு நின்ற மாப்பிள்ளை கேமராவைப் பார்த்துக் கேட்டான்: “அண்ணே, நீங்க சாப்டீங்களா?”

“சாப்டேன் தம்பி” என்றார் மாசிலாமணி, இருபது வருடம் கழித்து.

“இன்னொருக்கா போடுங்கக்கா” என்றாள் மதிவதனி.

மருமகளிடம் மாசிலாமணி மன்னிப்புக் கேட்டார் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். கேட்கவில்லை. ஸ்டுடியோ பலகையில் தம் பெயருக்குப் பக்கத்தில் எழிலரசி பெயரையும் எழுத ஆள் வரச்சொன்னார். அவ்வளவுதான்.