நாலாவது கியர்

சின்னக்காளையின் டீசல் பிக்கப்பில் ஸ்டியரிங்கே ஓட்டுபவனின் நாடியைப் பார்க்கும். நெஞ்சு படபடத்தால் கியர்பாக்ஸ் தானாகக் கீழே இறங்கிவிடும்.

பக்கத்தில் மனைவி பஞ்சவர்ணம் பிரசவ வலியில் அலற அலற, வண்டி இரண்டாவது கியரில் ஊர்ந்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருபது கிலோமீட்டர்.

"ஓடித் தொலையேன், சனியனே!" என்று அவன் கத்தியதும் வண்டி முதல் கியருக்கு இறங்கியது.

பஞ்சவர்ணம் சட்டென்று அலறலை நிறுத்தினாள். முந்தானையைக் கைக்குள் சுருட்டி இறுக்கிக்கொண்டாள்.

"ஏங்க, மத்தியானம் என்ன சாப்ட்டீங்க?"

அவன் திகைத்தான். பிறகு புரிந்தது. மூச்சை இழுத்துவிட்டான்.

"எலுமிச்சஞ்சோறு."

இரண்டாவது கியர் விழுந்தது. மூன்றும் விழுந்தது.

"தொட்டுக்க?"

அவள் குரல் பாதியில் உடைந்தது. திரும்பிப் பார்த்தால் கியர் இறங்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

"ஊறுகா" என்றான், சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல்.