சிரிக்காத பக்கம்

திரையில் ஓடும் அந்தப் படக்கதைப் புத்தகம் பல் துலக்கவும் எண்ணவும் வேடிக்கையாகச் சொல்லித்தரும். தொடர்ந்து மூன்று நாள் பார்த்தும் குழந்தை சிரிக்காத பக்கத்தை அது தானே அழித்துவிடும். மகளுக்கு முகம் மறந்துவிடக் கூடாதென்று, இறந்துபோன மனைவியின் படத்தை அதில் ஒரு பக்கத்தில் ஏற்றியிருந்தான் இளங்கண்ணன். அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் நான்கு வயது நிறைமதி கம்மென்று இருந்தாள்.

மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல், அந்தப் பக்கத்தைக் காட்டி அவள் விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டினான். பக்கம் தப்பியது. பிறகு தினமும் அதே வேலை.

"வுடுப்பா, வயிறு வலிக்குது," என்பாள் சிரித்துக்கொண்டே.

வருட நினைவு நாளில் மனைவியின் படத்துக்கு மாலை போட்டார்கள். பார்த்ததும் நிறைமதி விலாவைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பெத்தவளப் பாத்து என்னடி இளிப்பு?" என்று அதட்டினாள் சித்தி.

இளங்கண்ணன் எட்டத்தில் நின்றிருந்தான். குழந்தையை யாரும் தொடவே இல்லை.