ஐந்தாம் வரிசை, ஓர நாற்காலி

"யெசேனியா அரியாகா!"

ஒலிபெருக்கி அழைத்தது. யெசேனியா எழுந்திருக்கவில்லை.

ஐந்தாம் வரிசையின் ஓர நாற்காலியில், மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

கைதட்டத் தொடங்கிய பேராசிரியர்கள் சிலர் சுற்றிலும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். மற்ற யாரும் தட்டவே இல்லை.

மேடையில் மாணவர் நலத் துறையின் புதிய இயக்குநர் விட்லாக் அம்மையார், கையில் கண்ணாடிக் கேடயத்தோடு சிரித்தபடி நின்றார். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் தாங்கியது.

"இந்த ஆண்டின் வாய்ப்பு விருது, யெசேனியா அரியாகாவுக்கு. இருக்கீங்களா?"

இருந்தாள். அது எல்லோருக்கும் தெரிந்தது.

போன வருடம்வரை அந்த விருதுக்கு வேறு பெயர். நிக்கானோர் லெர்மா நினைவு உதவித்தொகை. லத்தீன் அமெரிக்க வம்சாவளி லத்தீனோ மாணவர்களுக்காக, இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துப் போன லத்தீனோக்கள் சேர்ந்து கொடுப்பது. கொடுப்பவர்களில் வக்கீல் உண்டு, லாரி கம்பெனி முதலாளி உண்டு, பல் டாக்டர் உண்டு. பெரும்பாலோர் கலிஃபோர்னியாவின் இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சை பறித்த வீடுகளிலிருந்து படிக்க வந்தவர்கள்.

இந்த வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இன்ன இனத்தாருக்கு என்று சொல்லக் கூடாது. நிக்கானோர் பெயரும் வேண்டாம். அதைச் சொன்னால் கூட்டம் கத்தும், கத்தினால் செய்தியாகும்.

அது கத்தல் இல்லை, பதில். இறந்தவர் பெயரை மேடையில் அழைத்ததும் அரங்கமே "பிரெசெந்தே!" என்று சொல்லும். ஸ்பானிய மொழியில், இங்கேதான் இருக்கிறார் என்று அர்த்தம். முதலில் அவர் பெயர், பிறகுதான் பரிசு வாங்குபவர் பெயர். அதுவரை யாரும் எழுந்ததில்லை.

விழாவுக்கு முன் விட்லாக் அவளைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். "முன் வரிசைக்கு வந்துடும்மா. அந்த ஓரத்துல உட்கார்ந்தா கேமராவுல விழமாட்டே. அப்புறம், அந்தக் கூச்சல் எல்லாம் கூடாது. மீறினா விருதை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். எனக்கும் வேற வழியில்லை."

விருது நின்றால் கடைசி வருடப் படிப்பும் நிற்கும். யெசேனியா போய் நிற்க, அம்மா வேலை செய்யும் பிஸ்தா பதனிடும் கொட்டகையில் பக்கத்து இடம் எப்போதும் காலிதான்.

யெசேனியா முன் வரிசைக்குப் போகவில்லை. பரிசு வாங்குபவர் அந்த ஓர நாற்காலியில்தான் உட்கார வேண்டும். ஏன் என்று பழைய மாணவர்கள் அவளுக்கும் அம்மாவுக்கும் சொல்லியிருந்தார்கள்.

இப்போது அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிடி! அந்தம்மா மனசு மாறிடப் போகுது."

"இன்னும் பேரு கூப்பிடலைம்மா."

"தொண்டை கிழியக் கூப்பிடுறாங்களே, காதுல விழலையா?"

"நான் சொன்னது என் பேரை இல்லைம்மா."

அம்மா இழுத்த சட்டையை விட்டாள்.

மீண்டும் ஒலிபெருக்கி. "யெசேனியா அரியாகா. கடைசித் தடவையா கூப்பிடுறேன்."

யெசேனியாவின் முழங்கால் மேல் ஒரு கை விழுந்தது. அம்மாவின் கை. எழுப்புவதற்கல்ல. எழுந்துவிடாதே என்று அழுத்தியது.

முன் வரிசையில் டாக்டர் செலா எழுந்து நின்றார். எழுபதைத் தாண்டியவர். ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கியவர்.

"வாயைத் திறங்க மேடம்" என்றார். "வலிக்காது."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. கேமராக்காரர் விட்லாக்கின் முகத்தைக் குறிவைத்தார். பல்கலைக்கழகத் தலைவர் தன் காலணியை ஆராய்ந்தார்.

விட்லாக் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் தாளிலிருந்து அதை அடித்துவிட்டவருக்குப் பெயர் தெரியாமல் போகுமா?

"நிக்கானோர் லெர்மா" என்றார், மெதுவாக.

"பிரெசெந்தே!"

மேடையிலிருந்த தண்ணீர்க் குவளைகள் அதிர்ந்தன.

"கேட்கலை, இன்னொரு வாட்டி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இந்த முறை விட்லாக் தலைவர் பக்கம் பார்க்கவில்லை. உரக்கவே சொன்னார். பதிலும் உரக்க வந்தது.

யெசேனியா எழுந்தாள். நிதானமாக நடந்து மேடையேறினாள்.

கேடயத்தைக் கொடுக்கும்போது விட்லாக் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "என்ன பிடிவாதம்மா இது! யார் அந்த ஆளு? இந்த அரங்கத்தைக் கட்டிக் கொடுத்தவரா?"

"இல்லை மேடம். இங்கே படிச்சவர். திராட்சை பறிக்கிறவங்க வேலைநிறுத்தம் செஞ்சப்போ, கேன்டீன்ல திராட்சை விக்கக் கூடாதுன்னு வாசல்ல படுத்தவர். படிப்பை முடிச்சார். பட்டமளிப்பு அன்னைக்கு அங்கி, தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டு இதே அரங்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். எல்லார் பேரையும் கூப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"அவர் பேரை மட்டும் கூப்பிடலை. விளக்கை அணைக்கிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லையாம். பட்டம் வாங்காமலேயே போய்ச் சேர்ந்துட்டார்."

விட்லாக் எந்த இடம் என்று கேட்கவில்லை. அவர் கண்கள் தாமாகவே ஐந்தாம் வரிசைக்குப் போயின.

ஆள் எழுந்ததும் தானாக மடிந்துகொள்ளும் நாற்காலிகள் அவை. ஆனால் ஓர நாற்காலி மடியவில்லை.

அம்மா அதைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.