சத்தம் குறைந்த நாள்

“அண்ணே, அந்த மெசின் சத்தத்தைக் கொறைக்க வேணாம்லா!” என்று திவாகர் கெஞ்சினான்.

“ஒனக்குப் பைத்தியமா? எல்லாருக்கும் காது போய்க்கிட்டு இருக்கு!” என்றார் சூப்பர்வைசர் தம்புசாமி.

குருபோங் வட்டாரத்து அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அன்றே மெசினைச் சுற்றி ரப்பர் தட்டிகள் ஏறின. இரைச்சல் முனகலாய் அடங்கியது.

திவாகர் குனிந்த தலையோடு பெட்டிகளை எடுக்கப் போனான். மெசின் பக்கத்தில் உஷாராணி ஒட்டி வைக்கும் பெட்டிகளை அவன் எடுக்க வரும்போதெல்லாம், “ஒன்னையக் கட்டிக்கிறேன் உஷா” என்று இரண்டு வருடமாக அவளிடம் சொல்லி வந்தான். அந்த இரைச்சலில், காதுக்கவசம் மாட்டியிருந்த அவளுக்கு ஒன்றும் கேட்காது என்ற தைரியம்தான்.

இன்று அவள் கவசத்தைக் கழற்றிவிட்டாள்.

“என்ன, இன்னிக்கு ஒன்னும் சொல்லலையா?”

“ஒ... ஒனக்குக் கேட்டுச்சா?”

“கேக்கல. இதுக்கு முன்ன மரம் அறுக்குற மில்லுல மூனு வருசம் இருந்தேன். அங்க உதட்டப் பார்த்துத்தான் பேசிக்குவோம்.”

“அப்ப ஏன் பதிலே சொல்லல?”

“சொல்லலையா? ‘வீட்டுக்கு வந்து பொண்ணு கேளுங்க’ன்னு நானுந்தான் தினமும் சொல்றேன். நீங்கதான் சிரிச்சுத் தலையாட்டிட்டு, அடுத்த பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுறீங்க!”