ஒன்பதே முக்கால்

"பத்து" என்றான்.

அவள் இன்னும் எண்ணவே தொடங்கவில்லை. மகனைப் பாயில் மல்லாத்திக் கிடத்தி, வலது முழங்காலை நீட்டிப் பிடித்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தியிருந்தாள். அவ்வளவுதான் செய்திருந்தாள்.

"பத்து."

எச்சிலோடு நசுங்கித்தான் வந்தது. ஆனாலும் பத்துதான்.

மூன்று வயது நான்கு மாதம். முதல் வார்த்தை.

சொந்தத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். அம்மா என்பான் என்றார்கள், அப்பா என்பான் என்றார்கள். அவள் தம்பி ஒருபடி மேலே போய், "எம் மருமகன் எடுத்த எடுப்புல பிரியாணிம்பான் பாருங்க" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தான். எண்ணில் தொடங்குவான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனை வாரி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிக் கத்த வேண்டும் போல இருந்தது.

பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

பத்து அவனுக்கு எண் இல்லை. அம்மா காலை விடுகிற சத்தம்.

பிசியோதெரபி எஸ்தர் கற்றுக்கொடுத்த பயிற்சி அது. பிறந்ததிலிருந்தே இறுகிப்போன கெண்டைக்கால் அவனுக்கு. நிறுத்தினால் நுனிவிரலில் நிற்பான், குதிகால் தரை தொடாது. முழங்காலை நீட்டி, பாதத்தை அவன் முகம் பார்க்க மடக்கி, பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. "பாவம் பாத்து விட்டீங்கன்னா திரும்ப இறுகிரும். ஒரு வேளைகூட விடாதீங்கக்கா" என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் பாதம் எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து பார்ப்பார்கள். அளவு தேறாவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

இவள் விட்டதில்லை. கூட்டியே பிடித்தாள். ஒன்பது வந்ததும் பத்துக்குப் போகமாட்டாள். ஒன்பதே கால், ஒன்பதரை, ஒன்பதே முக்கால் என்று இழுப்பாள். நாலு நொடி கூடுதலாகப் பிடித்தால் நாலு நாள் முன்னால் நடந்துவிடுவான் என்று ஒரு கணக்கு. பெற்றவளுக்குத்தான் இப்படியெல்லாம் கணக்கு வரும்.

அந்த முக்காலில் அவன் கதறுவான். கண் மட்டும் அவள் உதட்டிலேயே நிற்கும்.

எதிர்வீட்டுப் பெண் தூக்கினால் சிரிப்பான். அப்பா வந்தால் இரண்டு கையையும் நீட்டுவான். இவள் பாயை உதறினாலே அவனுக்கு உதடு பிதுங்கிவிடும். அதையும் பொறுத்துக்கொண்டாள். நடந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கொஞ்சிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

பேச்சுப் பயிற்சிக்குப் போகும் இடத்தில் கமர்நிஷா மேடம் வேறொன்று சொல்லியிருந்தார். "முதல்ல எந்த வார்த்தை வந்தாலும் சரி, கேட்டதை உடனே குடுத்துருங்க. நாம சொன்னா நடக்குதுன்னு புள்ளைக்குத் தெரியணும். அப்பத்தான் அடுத்த வார்த்தை வரும்."

உடனே.

கால் அவள் கையில் இருந்தது. வாய் அவளைப் பார்த்துத் திறந்திருந்தது.

இப்போது விட்டால் சாயங்காலமும் பத்து என்பான். நாளைக்கு மூன்று வேளையும் என்பான். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

"ஒண்ணு" என்றாள்.

"பத்து" என்றான்.

"ரெண்டு."

"பத்து."

மூன்றுக்கும் சொன்னான். நான்குக்குக் கத்தினான். ஐந்துக்கு அவள் வளையலைப் பிடித்து ஆட்டிச் சொன்னான், அம்மாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தவனைப் போல.

ஆறுக்குச் சொல்லவில்லை.

ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, காத்திருந்து எண்ணினாள்.

பத்தையும் அவளே சொன்னாள். முக்காலுக்குப் போகவில்லை.

காலை விட்டுவிட்டு அவன் மேல் குனிந்தாள்.

"சொல்லு சாமி. பத்து சொல்லு. அம்மா விட்டுர்றேன், சொல்லு."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுபடியும் குதிகாலை ஏந்தினாள். இழுக்கவில்லை, சும்மா ஏந்தினாள். ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், அந்த நொடியே விட்டுவிடுவாள். அளவும் செவ்வாய்க்கிழமையும் எக்கேடும் கெடட்டும்.

எப்போதும் விறைத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும் கால் அது. இப்போது தளர்ந்து கிடந்தது. கை பட்டதற்கே பாதம் மடங்கியது. எஸ்தர் காட்டிய அளவுக்கு வந்தது. அதற்கு மேலும் வந்தது.

மீதி ஒன்பது தடவையும் அப்படியே மடங்கியது. இடது காலும் மடங்கியது. அவன் அழவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் அப்பா அச்சகத்திலிருந்து போன் செய்தார்.

"காலு எப்படி இருக்கு?"

"நல்லா மடங்குதுங்க. எஸ்தர் சொன்னதுக்கு மேலயே வருது."

"அட, நெசமாவா!" அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்தில் இருந்த யாரிடமோ அதைச் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தார். "சரி, ஏதாச்சும் பேசினானா?"

அவள் பாயைப் பார்த்தாள்.

"இல்லங்க" என்றாள். "இன்னும் பேசல."