குவியும் தங்க இலைகள்

மதிய வெயில் சாயும் பள்ளி ஆய்வகத்தில், மின்னேற்றிய இரண்டு தங்க இலைகள் மின்காட்டியின் கண்ணாடி ஜாடிக்குள் விரிந்து நிற்கின்றன. ஆசிரியையின் தம்பி, பழைய இரும்புக்கடைக்காரன், மேஜையை நெருங்கியதும், யாரும் தொடாமலே, மின்னேற்றம் வடிந்து இலைகள் மெல்லக் குவிகின்றன. அவனை விலகச் சொல்லி ஆசிரியை மறுபடி மின்னேற்றுகிறாள், விரிகின்றன. அவன் வருகிறான், குவிகின்றன. காற்றின் அணுக்களிலிருந்து வெளிவட்டத்து எலக்ட்ரான்களை ஏதோ ஒரு கதிர்வீச்சு பிய்த்தெடுக்கிறது. அதற்கு வேண்டிய ஆற்றல் இவனிடமிருந்து வருகிறது. அவன் சட்டைப்பை புடைத்திருப்பதை அவள் பார்க்கிறாள். "சட்டைப்பையில என்னடா?" "ஆஸ்பத்திரியிலேர்ந்து எடைக்கு வந்த பழைய மெஷினை உடைச்சப்போ கிடைச்சதுக்கா. இருட்டுல நீலமா மினுங்குது." தம்பி சிரிக்கிறான். "உன் பொண்ணுக்கும் நேத்து ஒரு துண்டு கொடுத்தேன். ராத்திரி பூரா போர்வைக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டே கிடந்தாளாம். உன்கிட்ட சொல்லலையா?"